ஊசி இறங்கும் நேரத்துக்கு ஒரு செய்தி

அம்மா மருத்துவமனை லேபில் ரத்தம் எடுப்பவள். பணி ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி, அதே ஜன்னல். அங்கே எல்லோரும் அவளைத் 'தெரியுமா அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் எளிது. ரப்பர் பட்டையைக் கையில் கட்டியதும் அம்மா "தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள்.

"நெருப்புக்கோழியோட கண்ணு அதோட மூளையை விடப் பெருசு, தெரியுமா?"

எதிரே உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். புருவம் மேலே போகும். அந்த ஒரு நொடி கை தளரும். ஊசி அதற்குள் இறங்கியிருக்கும். "நிஜமாவா?" என்று அவர் கேட்டு முடிக்கும்போது குழாயில் பாதி நிரம்பியிருக்கும்.

ஒருமுறை மூட்டை தூக்கும் ஆள் ஒருவர், தூணைப் போலக் கை, ஊசியைப் பார்த்ததும் வியர்த்துப் போனார். அவரிடம்தான் இந்த நெருப்புக்கோழியைச் சொன்னாள். "எங்க மேஸ்திரியைப் பத்திச் சொல்றீங்களாக்கா?" என்றார் அவர். வரிசையே சிரித்தது. ரத்தம் எடுத்ததே அவருக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. செய்தி உண்மையாக இருக்க வேண்டும். சுருக்கமாக இருக்க வேண்டும். ரத்தம், உடம்பு பற்றியதாக இருக்கவே கூடாது. சொன்னால் ஆள் குனிந்து தன் கையைப் பார்த்துவிடுவார். ஒருவருக்குச் சொன்னதை அவருக்கே மறுபடி சொல்லக் கூடாது. தெரிந்த செய்திக்குக் கை தளராது என்பாள். மாதாமாதம் வரும் சர்க்கரை நோயாளிகளுக்காகவே புதிதாகத் தேடிக்கொண்டிருப்பாள். சாப்பிடும்போது எங்கள்மேல் ஒத்திகை பார்ப்பாள். அப்பா இருந்தவரை, "சோத்தைப் போட்டுட்டு அப்புறம் உலகத்தைச் சுத்தும்மா" என்பார்.

ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அதே மருத்துவமனையில் சேர்த்தேன். மருந்து ஏற்ற வேண்டுமானால் தினமும் காலையில் ரத்தம் எடுத்து அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அறிக்கை இல்லாமல் மருந்து இல்லை. எடுக்க வந்தது சித்தி. சொந்தச் சித்தி இல்லை, அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவள். நான் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

முதல் சுற்று மருந்திலேயே அம்மாவின் நரம்புகள் கெட்டித்துப் போயின. முழங்கை, மணிக்கட்டு, புறங்கை என்று சித்தி இடம் தேடிக்கொண்டே போனாள். இரண்டாம் சுற்றின் நடுவில் ஒரு காலை அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"போதும்."

"அக்கா, சின்னக் குழந்தையா நீங்க?" என்றாள் சித்தி.

"ஆமா. மிட்டாய் குடுத்தாலும் காட்ட மாட்டேன்."

டாக்டர் வந்து சொன்னார். நான் கெஞ்சினேன். அழுதேன். அம்மா என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "சரிடி. எனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லு. கை தர்றேன்" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

"பனிக்கரடியோட தோல் கறுப்பு."

"தெரியும்."

"பட்டாம்பூச்சி காலாலதான் ருசி பார்க்கும்."

"அதை உனக்குச் சொன்னதே நான்தான்."

"அண்டார்டிகா பக்கம் ஒரு மீனு. அதுக்கு ரத்தம் செகப்பே கிடையாது."

"ரத்தப் பேச்சு கூடாது. ரூல்னா ரூல்தான்."

சித்தி ஊசியை வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அழுத்தமானி, வெப்பமானி, தராசு. வேறு எதுவும் நினைவுக்கு வராமல் அதில் ஒன்றைச் சொன்னேன்.

"ஒரு கிலோங்கிறது ரொம்ப காலம் ஒரே ஒரு உலோகக் கட்டிதாம்மா. பெட்டகத்துல பூட்டி வச்சிருந்தாங்க. அதோட எடை எதுவோ அதுதான் கிலோ. அதுமேல தூசி படிஞ்சாலும் அது தப்பாகாது. உலகத்துல இருக்கற மத்த எடைதான் தப்பு."

அம்மாவின் புருவம் உயர்ந்தது. "அட! அப்போ அது இளைச்சா நாமெல்லாம் குண்டாயிடுவோமா?"

"ஆமாம்மா."

"ஆச்சு அக்கா" என்றாள் சித்தி. குழாய் நிரம்பியிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலையில்லை. தொழிற்சாலையில் கருவி சூடாகும் இடைவேளையில் தேடினேன். பேருந்தில் தேடினேன். நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நூறு படித்தால் ஒன்று தேறும். மற்றதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு இரவும் ஒரே பயம்: நாளைக்கு எதுவும் இல்லையென்றால் கை கிடைக்காது, கை கிடைக்காவிட்டால் அறிக்கை இல்லை, அறிக்கை இல்லையென்றால் மருந்து இல்லை. கணக்கு அவ்வளவு நேரானது.

வார்டே எனக்காகத் தேட ஆரம்பித்தது. தரை துடைக்க வருபவர் ஒன்று கொண்டுவருவார், நர்ஸ் ஒன்று. பக்கத்துக் கட்டில்காரம்மா ஒருநாள், "நான் ஒண்ணு சொல்றேன். எங்க வீட்டுக்காரர் வாழ்நாள்ல குறட்டையே விட்டதில்லையாம். அவரே சத்தியம் பண்றாரு" என்றார்.

"இது எல்லா வீட்லயும் தெரிஞ்ச செய்தி" என்றாள் அம்மா. அன்று அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்றைய செய்தி இன்னும் என்னிடம் இல்லை.

சில நாள் தேறியது. விண்வெளியில் ஒரே உலோகத்தின் இரண்டு சுத்தமான துண்டுகள் தொட்டால் தானாக ஒட்டிக்கொள்ளும் என்றேன். பூமியில் காற்று பட்டு மேலே ஒரு படலம் படிகிறது, அதுதான் ஒட்டவிடாமல் தடுக்கிறது என்றேன். "நெருப்பில்லாமயா?" என்று அம்மா கேட்டாள். கை தளர்ந்தது. முதல் குத்திலேயே கிடைத்தது.

மூன்றாம் சுற்றில் அம்மா பேச்சைக் குறைத்தாள். உதடெல்லாம் புண். ஒரு காலை என்னிடம் நிஜமாகவே எதுவும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வெள்ளி கிரகத்துல ஒரு வருஷத்தை விட ஒரு நாள் நீளம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் பள்ளிக்கூடம் போகும்போது தலை பின்னிக்கொண்டே அம்மா சொன்னது அது.

"அப்படியா?" என்றாள் அம்மா. கையை நீட்டினாள்.

சித்தி குத்தினாள். கிடைக்கவில்லை. இடம் மாற்றிக் குத்தினாள். கிடைக்கவில்லை. கை கட்டையாக விறைத்திருந்தது. அம்மாவின் முகத்தில் மட்டும் புருவம் உயர்ந்தே நின்றது, யாரோ பிடித்துத் தூக்கி வைத்த மாதிரி. நாலாவது குத்தில் கொஞ்சம் வந்தது.

நடைபாதையில் சித்தியைப் பிடித்தேன். "அம்மாவுக்கு ஞாபகம் போயிடுச்சா சித்தி?"

"ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நேத்து என் மருமகன் பேரைச் சொல்லி விசாரிச்சாங்க."

"அப்புறம் ஏன் தெரியாத மாதிரி..."

சித்தி தட்டிலிருந்த பஞ்சை எடுத்து அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். "ஒரு வாரமா இப்படித்தான்டி. கை தளரவே இல்ல. நான்தான் உங்கிட்ட சொல்லல."

நான் வேலையில் சேர்ந்த புதிதில் கற்றது: காட்டும் அளவு நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கருவியைத் தட்டக் கூடாது. நான் அன்று முழுவதும் தட்டிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் போய்க் கேட்டேன். இந்தச் சுற்று முடிந்தால் ஒரு வாய்ப்பு இருக்கிறது, உறுதி சொல்ல முடியாது என்றார். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மதியம் லீவு போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். மூடும்வரை இருந்தேன். ஒன்று கிடைத்தது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கவே முடியாதது. புருவம் தானாக உயரும், கை தானாகத் தளரும். வரும் வழியெல்லாம் அதைச் சுருக்கிச் சுருக்கி ஒரே வரியாக்கினேன்.

காலையில் சித்திக்கு முன்னாலேயே போய் நின்றேன். தள்ளுவண்டி வந்தது. சித்தி பட்டையை எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கையை எடுத்துப் போர்வைமேல் போட்டாள். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"பரவாயில்லடி. நீ எடுத்துக்க."

சித்தி என்னைப் பார்த்தாள். கையில் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிய தடங்கள், ஒரு விரல் வைக்கக்கூட இடமில்லை. ஊசியின் மூடி இன்னும் கழற்றப்படவில்லை. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். சித்திக்குப் புரியவில்லை. வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

"வேணாம் சித்தி. எடுத்துட்டுப் போங்க."

"நல்லா யோசிச்சியா?"

"போங்க சித்தி."

அம்மா கண்ணைத் திறந்தாள். "நாளைக்கா?"

"நாளைக்கும் இல்லம்மா. இனிமே இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை மெதுவாகப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். இன்னொரு கையையும்.

"குளிருது. அந்த ஃபேனைக் கொஞ்சம் கொறைடி."

எழுந்துபோய்க் குறைத்தேன். தள்ளுவண்டியின் சத்தம் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தது. லிஃப்ட் வருவதற்குள் ஓடிப்போய்த் திரும்பக் கூட்டிவந்துவிடலாம். ஃபேன் குமிழைப் பிடித்தபடியே நின்றேன். லிஃப்டின் கதவு மூடும்வரை விடவில்லை.

"என்னமோ கொண்டுவந்தியே" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "சொல்லு, கேப்போம்."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வரி. "தெரியுமா" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.