தொட்டிக்குப் பின்னால் நீலம்

அண்ணாமலை நகரில் நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது வெடிப்பின் அதிர்வலையைப் பற்றி. வெடியிலிருந்து கிளம்பும் அலை ஒரு வளைந்த பரப்பைச் சுற்றி எப்படித் திரும்புகிறது, திரும்பும்போது எவ்வளவு வலு இழக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவேன். அழுத்தம் மிகுந்த இடம் படத்தில் சிவப்பாக விழும், குறைந்த இடம் நீலமாக.

அந்தச் சமயத்தில்தான் குறிஞ்சிப்பாடிப் பக்கம் என் சித்தி வேலை பார்த்த பட்டாசுக் கொட்டகை வெடித்தது. உள்ளே இருந்த பெண்கள் பிழைக்கவில்லை. தண்ணீர் மொள்ள வெளியே போன சித்தி, வட்டமான சிமெண்டுத் தொட்டிக்குப் பின்னால் நின்றதால் உயிர் தப்பினாள். இரண்டு காதும் போய்விட்டது.

கடலூர் ஆஸ்பத்திரிக்கு முதலாளி ஆப்பிளோடு வந்தார். என் படிப்பை விசாரித்தார். போனில் இருந்த படத்தைக் காட்டிச் சொன்னேன்.

"நல்லா இருக்குதும்மா. எனக்கு அனுப்பி வுடு, எம் புள்ளைக்குக் காட்டுறேன்."

அனுப்பினேன்.

நஷ்ட ஈடு பேச உட்கார்ந்த அன்று, அதே படத்தை ஊர்க்காரர்கள் முன்னால் நீட்டினார்.

"இந்தம்மாவோட அக்கா பொண்ணே போட்ட கணக்கு இது. வட்டத்துக்குப் பின்னால பாருங்க, நீலம். அங்க வேகமே கெடையாது. காது முன்னாடியே மந்தமா இருந்திருக்கும்."

"நீலம்னா கம்மிங்க, இல்லன்னு அர்த்தமில்ல," என்றேன். "அதுவும் நான் போட்டது வெட்டவெளிக்கு. அங்க தொட்டிக்குப் பின்னால செவுரு இருந்துச்சு. அலை அதுல மோதித் திரும்பி அடிச்சிருக்கும்."

"அப்ப உன் கம்ப்யூட்டரு பொய் சொல்லுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் சித்தியும் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு சித்தப்பா கையெழுத்துப் போட்டார்.

பிறகு சுவரையும் சேர்த்துக் கணக்கிட்டேன். சித்தி நின்ற இடம் முழுக்கச் சிவந்து கிடந்தது. என் கைடு அதை வெகுநேரம் ரசித்துப் பார்த்தார்.

"பியூட்டிஃபுல். கட்டுரைக்கு ஆகும். ஊர்ப் பேரை மட்டும் எடுத்துடு."

முதலாளி வேறு இடத்தில் கொட்டகை போட்டார். வெடியைக் கொளுத்திப் பார்க்கும் வேலைக்குச் சித்தியைக் கூப்பிட்டனுப்பினார்.

"சத்தம் அதை ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றாரு," என்றார் சித்தப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

சித்தி இப்போது தினமும் போய்வருகிறாள்.