உச்சியில் புல் இல்லை

கோபம் வந்தால் அகாதா சத்தம் போட மாட்டாள். கையில் இருக்கும் வேலையை வழக்கத்தைவிட மெதுவாகச் செய்வாள். அன்று காலை மலைவிடுதியின் ஷூ அறையில், ஈரத்தோலும் நேற்றைய காலுறைகளும் நாறிக்கொண்டிருந்த அந்த அரையிருட்டில், ஒவ்வொரு கொக்கியாகக் கயிற்றை மாட்டி இழுத்து அவள் ஷூவைக் கட்டிக்கொண்டிருந்ததை உர்ஸ் பார்த்தான். "நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் வெளியே போய்விட்டான். அவள் கணவன்தான். அவனுக்குத் தெரியாதா என்ன?

போன கோடையில் மகள் மாலினுக்கு மழையில் நடந்து நடந்து இரண்டு கால் நகங்கள் கருத்துப்போயின. இலையுதிர் காலத்தில் விழுந்தும் விட்டன. அன்று அந்தக் குழந்தை அழுதுகொண்டே நடந்தது. தாத்தா வால்டர் முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு போனார். உர்ஸ், "அந்த வளைவு வரைக்கும்தான்டா கண்ணு" என்றான். அந்த வளைவுக்குப் பின்னால் இன்னொரு வளைவு இருந்தது. இந்த மலைகளில் எப்போதும் இன்னொரு வளைவு இருக்கும்.

அதனால்தான் இந்த வருஷம் கிளம்புவதற்கு முன் பெர்ன் நகரத்து வீட்டுச் சமையலறையில் அவள் கணவனை நிறுத்திவைத்துக் கேட்டிருந்தாள்.

"மாலின் போதும்னு சொன்னா அங்கேயே திரும்பணும். சமாதானம் பேசக்கூடாது, ஆசை காட்டக்கூடாது."

"சரி."

"உங்கப்பாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா மருமக பேச்சு ஆயிடும்."

"சரின்னு சொல்லிட்டேன்ல அகாதா."

இன்று காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே வால்டர் பேத்தியிடம் சொன்னார்: "இன்னிக்கு உச்சி உங்கம்மா ஊரு உச்சி. பெரிய தகடு. யாரும் தூக்கிட்டுப் போவாங்கன்னு நினைக்காதே, என்ன?" மாலின் தலையாட்டியது. உர்ஸ் சிரித்தான். சொல்லவில்லை. அப்பாவிடம் வீட்டிலும் சொல்லவில்லை, ரயிலிலும் சொல்லவில்லை, இங்கே வந்தும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பில்தான் அகாதாவுக்கு அது தெரிந்தது.

தகடு என்பது வால்டர் குடும்பத்தின் சமாசாரம். மலைக்குப் போகிறவர்கள் எல்லோரிடமும் மரக் கைத்தடி இருக்கும். ஏறின மலையின் பெயர் போட்ட சின்னத் தகட்டை வாங்கி அதில் ஆணியடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கடையில் வாங்கி வீட்டில் அடித்துக்கொண்டால் போதும். வால்டரோ சுத்தியலைப் பையில் சுமந்துபோய், உச்சியில் வைத்துத்தான் அடிப்பார். சொந்தக் காலில் வந்தவனுக்கு மட்டும். அவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு நடையில் மூன்று தலைமுறைக் கைத்தடிகள் வரிசையாக மாட்டியிருக்கும். முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போன அன்று அகாதா அந்தத் தடிகளைப் பார்த்து மிரண்டுபோனாள்.

அவள் பிறந்தது இதே பள்ளத்தாக்கில். ஆனால் அதுவரை ஒரு மலையின் உச்சியிலும் அவள் நின்றதில்லை. அவளுடைய அப்பாவும் நின்றதில்லை, அவருடைய அப்பாவும் நின்றதில்லை. அவள் பிறந்த கிஸ்லர் குடும்பத்துக்கு மலை என்பது மாடு ஏற முடியாத சரிவில் விளைகிற புல். ஆகஸ்டில் இரும்பு முள் வைத்த செருப்பைக் கட்டிக்கொண்டு, ஆளுயர அரிவாளால் அதை அறுத்து, காயவைத்து, வலையில் கட்டி, எஃகுக் கம்பியில் கொக்கி போட்டுக் கீழே விட வேண்டும். மூட்டை கம்பியில் கூவிக்கொண்டே இறங்கும். புல் எங்கே முடிகிறதோ அங்கே அவர்களுடைய மலையும் முடிந்துவிடும். அதற்கு மேலே வெறும் பாறை. அங்கே போய் யாருக்கு என்ன ஆகப்போகிறது? அவளுடைய சித்தப்பா ஒருவர் அந்தச் சரிவில் வழுக்கிப் போய்ச் சேர்ந்தார். அவர் பெயர் வெட்டிய மரச்சிலுவை பாதையோரம் நிற்கிறது. நடக்க வருகிற குடும்பங்கள் அந்த நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள்.

அந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அகாதா. சட்டம் படித்தாள். இப்போது பெர்னில் வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் சங்கத்தில் வேலை. முன்பின் தெரியாத மனிதர்களிடம், "நீங்க முடியாதுன்னு சொல்லலாம், உங்களுக்கு உரிமை இருக்கு" என்று நாள் முழுக்கச் சொல்லுவாள். அவர்களுக்காக வீட்டுச் சொந்தக்காரர்களோடு மல்லுக்கு நிற்பாள்.

கல்யாணமான கோடையில் வால்டர் அவளிடம் ஒரு வெறுந்தடியைக் கொடுத்து, "நீ மலைப்பொண்ணு, உனக்கு நாங்களா சொல்லிக்குடுக்கணும்?" என்றார். எங்கள் வீட்டில் யாரும் மலையேறியதில்லை என்று அன்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. படித்தவர்கள் வீட்டில், ரசனை இல்லாதவள் என்று ஆகிவிடுமோ என்ற வெட்கம். நடந்தாள். மாலின் வயிற்றில் இருந்தபோது, கால் வைத்தால் சரியும் கல்மேட்டில், இடுப்பு விட்டுப்போகிற வலியோடு நடந்தாள். அந்தத் தகடும் தடியில் இருக்கிறது.

விடுதிக்கு வெளியே மஞ்சள் பலகையில் உச்சிக்கு எவ்வளவு நேரம் என்று எழுதியிருந்தது. வால்டர் பலகையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"பலகை எழுதினது சமவெளிக்காரங்களுக்கு" என்றார். ஒவ்வொரு பலகைக்கும் சொல்வதுதான்.

மாலின் அவர் பின்னாலேயே நடந்தது. பத்து வயசு. ஒரு தடவைகூட நிற்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. "பார்த்தியா? போன வருஷத்துப் பொண்ணா இது?" என்று உர்ஸ் பெருமையோடு திரும்பினான். அகாதாவும் கொஞ்சம் ஏமாந்துதான் போனாள். போதும் என்று சொல்லும் உரிமையை மகளுக்கு வாங்கிக்கொடுத்தாகிவிட்டது, சொல்லவில்லை என்றால் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

பாதை புல்சரிவின் குறுக்கே போனது. கீழே அவளுடைய அண்ணன் ஸெப் அறுத்துக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன அகாதா, வேலைக்கு வந்தியா, லீவுக்கு வந்தியா?"

"லீவுக்கு."

"அப்போ நல்லாக் கஷ்டப்படு."

அவள் சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். வால்டர் கேமராவை எடுத்தார். "எவ்வளவு அமைதி! ஸெப், அந்த அரிவாளக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்களேன்."

"தூக்கினா புல்லு அறுபடாதுங்க."

"ஒரு நிமிஷம்தான்."

ஸெப் தூக்கிப் பிடித்தான். தங்கைக்காகத்தான் பிடித்தான். வால்டர் படம் எடுக்கும் அந்த நேரத்தில்தான் அகாதா மகளைப் பார்த்தாள். மாலின் ஒரே காலில் நின்றுகொண்டிருந்தது. மற்ற காலின் நுனி மட்டும் மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. உடம்பின் பாரம் முழுவதும் கைத்தடியில்.

"ஷூவக் கழட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

"கழட்டுன்னு சொன்னேன்."

காலுறை குதிகாலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தண்ணீர் ஊற்றி உரிக்க வேண்டியிருந்தது. கீழே தோலே இல்லை. ஷூவின் உள்ளே செம்பழுப்பாக ஊறியிருந்தது. இன்று பட்ட காயம் இல்லை, முந்தாநாள் நடந்ததிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

"தாத்தாகிட்டச் சொல்லாதேம்மா, ப்ளீஸ். தகடு அடிக்க மாட்டாரு."

அதற்குள் வால்டரே வந்து குனிந்து பார்த்தார். "அடடா. கொப்புளம் உடைஞ்சிருக்கு. பிளாஸ்டர் ஒட்டினாப் போதும். அதோ தெரியுது பாரு சிலுவை, உச்சி அதுதான்."

"நாங்க இறங்கறோம்" என்றாள் அகாதா.

"இவ்வளவு தூரம் வந்த பிறகா?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அகாதா, இந்தக் குடும்பத்துல யாரும் பாதியில திரும்பினதில்ல. நீயே இப்படிச் சொல்லலாமா? மலையில பொறந்தவ."

அகாதா உர்ஸைப் பார்த்தாள். நேரமும் கொடுத்தாள். அவன் குழந்தையின் காலைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கடைசியில் உச்சியைப் பார்த்தான்.

"மாலின், நீ என்ன சொல்ற? உன்னால முடியுமா?" என்றான்.

வாக்குக் கொடுத்த வாய் குழந்தையிடம் கேட்கிறது! தாத்தா நிற்கும்போது, தகடு அவர் பையில் இருக்கும்போது, அந்தக் குழந்தை வேறென்ன சொல்லும்?

"முடியும்" என்றது மாலின்.

அப்போதுதான் அகாதாவுக்குக் குரல் வந்தது. அவளுக்கே பழக்கமில்லாத, கீழே ஸெப் அரிவாளை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்த குரல்.

"அவகிட்டக் கேக்காதே! உன்கிட்டத்தான் நான் கேட்டேன், சமையலறையில வச்சு! ரத்தம் ஊத்துது, நீ என்னடான்னா பத்து வயசுப் புள்ளையப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடற!"

"அகாதா, சத்தம் போடாம..." என்றார் வால்டர்.

"போடுவேன். மலையில பொறந்தவ, மலையில பொறந்தவன்னு எத்தனை வருஷமாச் சொல்றீங்க! எங்க வீட்ல ஒருத்தரும் உச்சிக்குப் போனதில்ல, தெரியுமா? ஏன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? உச்சியில புல் இல்ல வால்டர்! இங்க எங்க ஆளுங்க கால் வலிச்சா இறங்கிடுவாங்க. மழை வந்தா இறங்கிடுவாங்க. இறங்காதவரு பேரு பாதையோரத்துச் சிலுவையில இருக்கு, வர்ற வழியில பார்த்தீங்களே, 'பழைய எழுத்து, அழகா இருக்கு'ன்னு சொன்னீங்களே, அவரு எங்க சித்தப்பா!"

வால்டர் தொப்பியைக் கழற்றினார். சித்தப்பாவுக்காகவா, வியர்வைக்காகவா என்று தெரியவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் அகாதாவை இன்னும் எரித்தது. கெட்டவராக இருந்திருந்தால் முதல் கோடையிலேயே சண்டை போட்டிருப்பாள்.

"நீங்க இறங்குங்க" என்றான் உர்ஸ் தாழ்ந்த குரலில். "அப்பாவை இந்த வயசுல தனியா மேல விட முடியாது. நான் கூடப் போயிட்டு வந்துடறேன்."

அவரையும் கீழே கூட்டிக்கொண்டு வரலாம் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. ஸெப் காய்ந்த புல் கட்டும் துணியோடு மேலே ஏறி வந்தான். இருவருமாக மாலினை அகாதாவின் முதுகில் வைத்து, துணியைச் சுற்றி, மார்பின் குறுக்கே முடிச்சுப் போட்டார்கள்.

"நான் தூக்கறேனே" என்றான் ஸெப்.

"வேணாம். நீ புல்லைப் பாரு. மேகம் வருது."

கீழே புல் கொட்டகையருகே, எஃகுக் கம்பியில் தொங்கி ஊருக்கு இறங்கும் பெட்டி இருந்தது. நாலு பேர் நிற்கிற மரப்பெட்டி. அதுவரை நடக்க வேண்டும். எதிரே ஏறி வந்த குடும்பங்கள் ஒதுங்கி வழிவிட்டு வணக்கம் சொன்னார்கள். யாருக்கும் அவள் திருப்பிச் சொல்லவில்லை. ஓர் அப்பா தன் பையனிடம், "பாரு, நடக்கலேன்னா இப்படித்தான் பாப்பா மாதிரித் தூக்கிட்டுப் போவாங்க" என்றான். அகாதா நின்றாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் கைத்தடியிலும் தகடுகள்.

"அவன் ஷூவக் கழட்டிப் பாருங்க முதல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் கழுத்தருகே மாலினின் குரல் கேட்டது.

"அம்மா, என் மேல கோவமா?"

"உன் மேல இல்ல. ஏன்டி சொல்லல? போதும்னு சொன்னாத் திரும்பிடலாம்னு உன்கிட்டச் சொல்லித்தானே கூட்டிட்டு வந்தேன்?"

"நீ சொன்னதே இல்லியே."

"என்னது?"

"நீ ஒருதடவகூடப் போதும்னு சொன்னதில்லியே. உனக்கும் வலிக்கும்தானே? ராத்திரி விடுதியில முட்டிக்கு மருந்து தேய்ப்பே, நான் பார்த்திருக்கேன். அதான், சொல்லக்கூடாது போலிருக்குன்னு நினைச்சேன்."

அகாதாவின் கால் நிற்கவில்லை. நின்றால் சுமையோடு மறுபடி கிளம்புவது கஷ்டம் என்று சின்ன வயசிலேயே கற்றிருந்தாள். ஆனால் அதுவரை வால்டர் மேலும் உர்ஸ் மேலும் போய்க்கொண்டிருந்த கோபம் திரும்பி அவளுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. தெரியாத ஊர்க்காரர்களுக்கெல்லாம் முடியாது என்று சொல்லக் கற்றுக்கொடுத்தவள், தன் மகளுக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். எதற்காக? ஒரு நடையில் மாட்டப்போகிற ஒரு தடிக்காக. அந்த வீட்டில் தானும் ஒருத்தி என்று காட்டுவதற்காக.

"வலிக்கும்" என்றாள். "ரொம்ப வலிக்கும். எனக்கு இது பிடிக்கவும் பிடிக்காது, மாலின்."

"நிஜமாவா?" முதுகில் இருந்த குழந்தை சிரித்த அதிர்வு அவள் விலாவில் தெரிந்தது. "எனக்குப் பிடிக்கும். ஆனா மெதுவாப் போனா."

சாயங்காலம் ஸெப் வீட்டில் அகாதா மக்ரோனியையும் உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியில் புரட்டிக்கொண்டிருந்தபோது வால்டரும் உர்ஸும் வந்து சேர்ந்தார்கள். மாலின் காலில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பிள் மசியலை விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தது. வால்டர் நேரே பேத்தியிடம் போனார். பையைத் திறந்து சுத்தியலை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் புதுத் தகடு. அகாதாவின் ஊர் மலையின் பெயர், நீல எனாமலில்.

"தாத்தா யோசிச்சுப் பார்த்தேன். இந்த ஒருதடவை விதியத் தளர்த்திக்கலாம். உன் தடியக் கொண்டா."

அவரைப் பொறுத்தவரை அது பெரிய காரியம். உர்ஸ் நிம்மதியாக மூச்சு விட்டான், எல்லாம் சரியாகிவிட்டது போல. வேண்டாம் என்ற சொல் அகாதாவின் வாய்வரை வந்துவிட்டது. கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு அடக்கினாள். இதை அவள் சொல்லக்கூடாது.

மாலின் தகட்டைப் பார்த்தது. நல்ல நீலம்தான். பிறகு அடுப்பருகே நின்ற அம்மாவைப் பார்த்தது. அம்மா ஜாடை எதுவும் காட்டவில்லை.

"வேணாம் தாத்தா" என்றது. "தடியில இருக்கறதே போதும்."

வால்டர் சுத்தியலை மறுபடி பைக்குள் வைத்தார். தகட்டை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அகாதா தட்டுகளில் பரிமாறினாள். மாலினுக்கு, ஸெப்புக்கு, வால்டருக்கு. உர்ஸ் தட்டை நீட்டினான். அவள் கரண்டியைச் சட்டியிலேயே விட்டாள்.

"நீயே எடுத்துக்க" என்றாள். "அடுத்த கோடைக்கு உங்கப்பாவோட நீ போ. நானும் மாலினும் இங்கதான் இருப்போம், மெதுவா நடந்துக்குவோம். இதுக்கு நீ சரின்னு சொல்ல வேணாம். நான் கேக்கல."