வெடியக்கா சத்தமில்லாமல் எடுத்த படம்

சதுரங்கப் போட்டி என்றாலே பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு வேப்பங்காய். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் எடுத்ததுதான் படம். பிறகு நடுவர் வந்து கதவைக் காட்டிவிடுவார். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன பெரிதாக நடந்துவிடும்? இருவர் கைகுலுக்குவார்கள், ஒருவர் சிப்பாயை நகர்த்துவார், மற்றவர் கன்னத்தில் கைவைப்பார். மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் அதே கைகுலுக்கல்.

நாளிதழ்ப் புகைப்படக்காரரான வெடியக்காவிடம் அப்படிப்பட்ட கைகுலுக்கல்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அந்தப் பட்டப்பெயரும் சதுரங்க அரங்கில் கிடைத்ததுதான். அவருடைய பழைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் அது துள்ளி எழுந்து டப்பென்று விழும். அக்காவோ ஒரு படத்தோடு விரலை எடுக்கிற ரகம் இல்லை. அழுத்தினால் சரவெடிதான். ஒருநாள் ஓர் ஆட்டக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தே போய்விட்டார். எதிர்ப் பத்திரிகையின் புகைப்படக்காரரான தாடிக்காரர் அன்று வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கண்ணாடியே இல்லாத கேமராக்கள் சந்தைக்கு வந்தபோது சக புகைப்படக்காரர்கள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். தாடிக்காரர் எடை பார்ப்பதுபோல் தூக்கிக் காட்டி, சோப்பு டப்பா என்றார். வெடியக்கா சிரிக்கவில்லை. கண்ணாடி இல்லையென்றால் சத்தம் எங்கிருந்து வரும் என்ற ஒரே கேள்விதான் அவருக்கு. பத்திரிகை ஆசிரியரை உடும்புப் பிடியாகப் பிடித்து அலுவலகத்துக்கு ஒன்றை வாங்க வைத்தார்.

வீட்டில் கணவருக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். என்ஜினுக்கு என்ன நோய் என்பதைக் காதாலேயே சொல்கிறவர்.

"சத்தமே வராத மெஷினை எப்படி நம்புறது? ஓடுதா, படுத்துடுச்சான்னு எப்படித் தெரியும்?"

சமையலறை ஜன்னலோரம் அவர் சாப்பிட்டு எழும்வரை வெடியக்கா எதிரே உட்கார்ந்து எடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு திரையைக் காட்டினார். வாயைப் பிளந்தபடி, விரலை நக்கியபடி, பல்லிடுக்கில் எதையோ தேடியபடி எல்லாமே கணவர்தான். இனிமேல் சொந்த வீட்டில் கொட்டாவிகூட விட முடியாது போலிருக்கிறது என்று முனகிவிட்டுக் கைகழுவப் போனார்.

இறுதிப் போட்டி வந்தது. நடப்புச் சாம்பியனை எதிர்த்து ஆடியவர் பள்ளியில் கணக்கு நடத்தும் ஒரு டீச்சர். வெடியக்கா முன்கூட்டியே போய்த் தலைமை நடுவரின் காதருகே கேமராவைப் பிடித்து அழுத்திக் காட்டினார். நடுவர் இன்னொரு காதையும் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கடைசிவரை உட்காரலாம் என்றார். ஆனால் ஆட்டக்காரர் யாராவது புகார் சொன்னால், இனி எந்தப் புகைப்படக்காரருக்கும் அந்த ஐந்து நிமிடம்கூடக் கிடையாது.

விஷயம் வெளியே பரவியதும் தாடிக்காரர் ஓடிவந்தார். "அக்கா, நீங்க உள்ள உட்காருங்க, படுங்க, என்ன வேணா செய்ங்க. எங்க பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க."

ஐந்து நிமிடம் முடிந்து மற்றவர்கள் வெளியேறினார்கள். மேசைக்கு மேலே மட்டும் ஒரு விளக்கு. டீச்சர் பின்னால் சாய்ந்தால் முகம் நிழலுக்குள் போய்விடும். வெடியக்கா சுவரோரம் உட்கார்ந்து முதல் படத்தை எடுத்தார். டீச்சர் திடுக்கிட்டார். இரண்டாவதை எடுத்தார். டீச்சர் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினார்.

நடுவர் வெடியக்காவை நடைபாதைக்கு அழைத்துவந்தார்.

"சத்தம் வராதுன்னீங்களேம்மா."

"வரலையே சார்."

"லைட் வருது. அவங்க கண்ணுலயே ஆரஞ்சு கலர்ல அடிக்குது."

இருட்டில் கேமரா குறிபார்க்கத் தானாக எரியும் குட்டி விளக்கு அது. வெளிச்சமான ஜன்னலோரத்தில் கணவரை எடுத்தபோது அது ஒருமுறையும் எரியவில்லை. சத்தத்தை ஓட்டை ஓட்டையாகத் தேடி அடைத்தவருக்கு வெளிச்சம் நினைவுக்கே வரவில்லை. கேமரா செய்த கம்பெனிமேல் பழிபோட்டிருக்கலாம். அவர் போடவில்லை.

"என் தப்பு சார். அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. நான் போயிடறேன். மத்தவங்களோட அஞ்சு நிமிஷத்தை மட்டும் பிடுங்கிடாதீங்க."

நடுவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது குழம்பிய முகம். குட்டி விளக்கை அணைத்தால் அக்கா இருக்கட்டும் என்றாராம் டீச்சர். ஆனால் சத்தமில்லாததும் தொந்தரவுதானாம். முன்பெல்லாம் டப்பென்று கேட்டால் எடுத்துவிட்டார்கள், முடிந்தது என்று ஆட்டத்தில் இறங்கிவிடலாம். இப்போது எப்போது எடுக்கிறார்கள் என்றே தெரியாததால் எந்நேரமும் எடுப்பதுபோலவே இருக்கிறதாம்.

வெடியக்கா யோசித்தார். நியாயம்தான்.

"கேமரா மடியில இருந்தா எடுக்கல. கண்ணுக்கு வந்தாத்தான் எடுக்கறேன். மடியில வெச்சுக்கிட்டுத் திருட்டுத்தனமா ஒரு படம்கூட எடுக்க மாட்டேன். இதைச் சொல்லிப் பாருங்க சார்."

டீச்சர் தலையாட்டினார். குட்டி விளக்கை அணைத்தார்கள், போதாதென்று நடுவர் அதன்மேல் கறுப்பு டேப்பும் ஒட்டினார்.

பிறகு காத்திருப்பு. கேமரா மடியில் கிடந்ததால் வெடியக்காவுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஐந்து நிமிட அவசரத்தில் இத்தனை வருடம் பார்க்காததையெல்லாம் பார்த்தார். டீச்சர் அவசரப்பட்டுக் காயைத் தொட்டுவிடாமலிருக்க இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார். யோசிக்கும்போது வலது கால் ஆடிக்கொண்டே இருந்தது. முடிவெடுத்தால் அந்தக் கால் நின்றுவிடும்; அதற்குப் பிறகுதான் கை வெளியே வரும். ஒவ்வொரு முறையும் அப்படியே.

ஆட்டம் நான்காவது மணி நேரத்துக்குள் போனது. சாம்பியன் பலகையின் இடது மூலையை முறைத்துக்கொண்டிருந்தார். டீச்சரின் கால் நின்றது.

வெடியக்கா கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். டீச்சரின் வலது கை தொடைக்கடியிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. எந்தக் காயையும் இன்னும் தொடவில்லை. முகத்தில் மட்டும், விடை தெரிந்த மாணவியின் அடக்கிய மகிழ்ச்சி. அரங்கத்தில் வேறு யாருக்கும் இன்னும் தெரியாத செய்தி அது. சரவெடிக்காரர் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுக் கேமராவை மடியில் வைத்தார். டீச்சர் வலது பக்கத்தில் குதிரையை நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் சாம்பியன் தோல்வியை ஒப்புக்கொண்டு கைநீட்டினார்.

மறுநாள் முதல் பக்கத்தில் அந்தப் பாதிக் கைதான். மற்ற நாளிதழ்களில் கைகுலுக்கல்.

அடுத்த போட்டியின் வாசலில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: கண்ணாடி இல்லாத கேமரா, விளக்கின்மேல் டேப், எடுக்காதபோது மடியில். இதற்கெல்லாம் சம்மதிப்பவர்கள் கடைசிவரை இருக்கலாம். நடுவில் எழுந்து போகக் கூடாது. தாடிக்காரரும் ஒரு சோப்பு டப்பாவோடு வந்து வெடியக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் போனதும் அக்காவின் காதருகே குனிந்தார்.

"உள்ள விடலைன்னு இத்தனை வருஷம் திட்டினோம். இப்ப ஒரு டீ குடிக்கக்கூட வெளிய விட மாட்டேங்கறாங்களேக்கா."

"உஷ்" என்றார் வெடியக்கா.