கருப்பையாவின் இடது முட்டி

கருப்பையா இறந்த செய்தி எனக்கு மூன்று தவணையாக வந்தது. வடகவுஞ்சியில் அவன் வீட்டு வாசலில் ஒரு ஓரத்தில்தான் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அவன் மகள் செல்வி பதற்றத்தில் அந்த ஓரத்தில் நிற்கவில்லை. முதல் அழைப்பில் “மாமா, அப்பா...” என்றதோடு லைன் போய்விட்டது. இரண்டாவதில் “வெள்ளனே எந்திரிச்சு” என்பது மட்டும் கேட்டது. அதற்காக நான் கலங்கவில்லை. வெள்ளனே எழுந்து யாரையாவது தொந்தரவு செய்வது அவன் வழக்கம், பெரும்பாலும் என்னை. மூன்றாவது முறை முழுதாகக் கேட்டது. “வெள்ளனே எந்திரிச்சு தேத்தண்ணி கேட்டாரு மாமா. போட்டுக்கிட்டு வாறதுக்குள்ள போயிட்டாரு.”

மலைக்கிராமத்துக்காரர்களான உங்களில் பலருக்கு அவனைக் கால்பந்து ரெஃப்ரியாகத்தான் தெரியும். மைதானத்தின் நடுவில் ஒரே இடத்தில் நின்றபடி விசில் ஊதுவான். ஓடாத ரெஃப்ரி என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு. அவன் ஓடிய காலத்தைப் பார்த்தவர்களில் இன்று எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் பழனியில் கல்லூரி மாணவர்கள். எங்கள் குடும்பத்துக்கு அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. அவன் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, வடகவுஞ்சியில் உருளைக்கிழங்குக் காட்டிலும் பூண்டுக் காட்டிலும் கூலி வேலை பார்த்தது. தோட்டத்தில் முழுநாள் வேலை செய்தால் முழுப்பேர், பாதியில் திரும்பினால் அரைப்பேர் என்று கணக்கு எழுதுவார்களாம். கருப்பையா உலகத்தையே அப்படித்தான் அளந்தான். பேராசிரியர் பாதி வகுப்பில் எழுந்து போனால், “சாருக்கு இன்னைக்கு அரைப்பேருதான்” என்பான். என் பெயர் தண்டபாணி. அதை அவன் தண்டம் என்று சுருக்கியதில் எனக்கு வருத்தமுண்டு. அணியில் என் இடத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவனைத் திருத்தவில்லை. அவன் சென்டர் ஃபார்வர்டு. நானும் சென்டர் ஃபார்வர்டுதான். அவனுக்கு ஏதாவது ஆனால் மட்டும்.

ஆனது. கல்லூரி ஆண்டு விழா முடிந்த வாரம், பந்தல்காரர்கள் பந்தல் கால்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குழிகளை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். அன்று மாலைப் பயிற்சியில் கருப்பையா பந்தை வாங்கி, இடது காலை ஊன்றித் திரும்பினான். கால் குழிக்குள் நின்றுவிட்டது. மீதிக் கருப்பையா மட்டும் திரும்பினான். எங்கள் பி.டி. மாஸ்டர் சவரிமுத்து சார் ஓடி வந்தார். நாங்கள் ஸ்ட்ரெச்சர் கேட்பார் என்று நினைத்தோம். “அந்தப் பந்தல்காரனக் கூட்டியாங்கடா!” என்று கத்தினார்.

மதுரை டாக்டர் முட்டியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். “உள்ள ஜவ்வு கிழிஞ்சிருச்சு. கட்டுப் பிரிச்சதும் நடக்கலாம். பாத்துப் படி ஏறலாம். ஓடுறது, குதிக்கிறது, சட்டுன்னு திரும்புறது எல்லாத்தையும் மறந்துரு.”

“சரிங்க டாக்டர். அப்ப பந்து ஒதைக்கலாமுல்ல?” என்றான் கருப்பையா.

டாக்டர் எங்கள் பக்கம் திரும்பி, “காதுலயும் அடி பட்டிருக்கா?” என்று கேட்டார்.

கோடை விடுமுறையில் அவனைப் பார்க்க வடகவுஞ்சிக்குப் போனேன். தொடை முதல் கணுக்கால் வரை மாவுக்கட்டோடு, காலை ஒரு பூண்டு மூட்டை மேல் தூக்கி வைத்திருந்தான். அவன் அம்மா எனக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“தம்பி, திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லுல பந்து ஆடுறவங்களுக்கு வேலை தாறாங்களாம். மில்லுக்காரர் ஒருத்தர் இவன முந்தியே பாத்து வச்சிருக்காரு. கார்த்திகையில கொடைக்கானல்ல ஒரு ஆட்டம் இருக்காம், அங்க வந்து பாக்குறேன்னு சொல்லிவிட்டிருக்காரு. இவுங்க அப்பாவுக்கு இனி மூட்டை தூக்க ஏலாது. நீங்களே சொல்லுங்க, இந்தக் காலு தேறுமா?”

“டாக்டர் முடியாதுன்னுட்டாரும்மா,” என்றேன். கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கருப்பையா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதையும் சொல்லியாக வேண்டும். அவன் விழுந்ததில் அணியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. அவன் முட்டி தேற வேண்டும் என்று கல்லூரியே விரும்பியபோது, தேறக்கூடாது என்று விரும்பிய ஒரே ஆள் நான். அவன் பயிற்சிக்குத் துணையாகச் சவரிமுத்து சார் என்னைத்தான் நியமித்தார். “நீதான் சும்மா இருக்க,” என்றார். நான் அப்போது அணியின் சென்டர் ஃபார்வர்டு.

கட்டுப் பிரித்தபோது அவன் கால் மூங்கில் மாதிரி இருந்தது. துண்டில் செங்கல்லைக் கட்டிக் கணுக்காலில் மாட்டி, விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து நூறு தடவை தூக்குவான். எண்ணுவது என் வேலை. சில நாள் எண்பதிலிருந்து நேராகத் தொண்ணூற்றொன்றுக்குப் போயிருக்கிறேன். அவன் கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

அடுத்தது மலைப்படி. விடியுமுன்பே எங்கள் கடை வாசலில் நின்று, “ஏலே தண்டம், வெரசா வாடா!” என்று கத்துவான். என் அப்பா, “சாமி கும்பிடப் போகாதவன் எல்லாம் மலையேறப் போறான்” என்று கதவைத் திறப்பார். ஒரு கிருத்திகை நாள், கன்னிவாடியிலிருந்து நடந்தே வந்த வெங்காய வியாபாரி ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். கருப்பையா நொண்டி நொண்டி முன்னால் ஏறினான். இரண்டு நல்ல கால்களை வைத்துக்கொண்டு நான் பின்னால் இரைத்துக்கொண்டு ஏறினேன். பாதியில் நான் உட்கார்ந்துவிட்டேன். வியாபாரி கருப்பையாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“முடியாத காலோட இந்தப் புள்ளையக் கூட்டிட்டு வாறியே, நீ நல்லா இருப்ப. என்னப்பா செய்யுது இவருக்கு? நெஞ்சுக் கோளாறா?”

“பொறந்ததுல இருந்தே இப்படித்தாங்க,” என்றான் கருப்பையா, கொஞ்சமும் சிரிக்காமல். “நானும் கூட்டிட்டு வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

வியாபாரி என் நெற்றி நிறைய விபூதி பூசி, இரண்டு வாழைப்பழம் கொடுத்து, முருகனிடம் எனக்காகத் தனியாக வேண்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். பழங்களைக் கருப்பையா தின்றான்.

தினமும் இறங்கி வந்ததும் நாலு அடி ஓடிக் காட்டி, “எப்படிடா இருக்கு?” என்று கேட்பான். பதிலுக்குக் காத்திருக்க மாட்டான். என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொள்வான்.

கார்த்திகை வந்தது. கொடைக்கானலுக்குப் போன பஸ்ஸிலேயே சாரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டான். “சார், முழுப்பேரு வேணாம். அரைப்பேரு போடுங்க.”

“அரைப்பேரும் கெடையாது, கால்பேரும் கெடையாது. டாக்டர் என்னையக் கொன்னுருவாரு.”

முதல் பாதியில் கோல் இல்லை. எனக்கு இரண்டு நல்ல வாய்ப்புகள் வந்தன. ஒன்றை மரத்தில் அடித்தேன், இன்னொன்றை அடிக்கவே இல்லை. இடைவேளையில் சார் என்னைப் பார்த்தார், கருப்பையாவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “கருப்பையா, சட்டைய மாத்து.” என்னை எதிரணியின் கோலுக்குப் பின்னால் அனுப்பினார். அங்கே சரிவு, பந்து உருண்டால் ஏரி வரை போகும். எடுத்து வர ஒரு ஆள் வேண்டும்.

அவன் உள்ளே போன பத்தாவது நிமிடம் மூடுபனி ஏறி வந்தது. ஆட்டத்தை நிறுத்தினால் இன்னொரு நாள் மலையேற வேண்டும் என்று இரண்டு அணிகளும் தொடரச் சொல்லிவிட்டன. எனக்குக் குரல்கள் மட்டும் கேட்டன. “ஏலே, எனக்குத் தள்ளு!” “தள்ளுறேன், நீ யாரு?” “நான் அவுங்க டீம்.” மங்கி குல்லாவும் மஃப்ளருமாக வந்திருந்த மில்காரர் எதிர்ப்பக்கம் எங்கோ நின்றார், அவருக்கு அவர் கையே தெரிந்திருக்காது.

அப்போது பனியைக் கிழித்துக்கொண்டு கருப்பையா வந்தான். எனக்குப் பத்தடி தூரம். ஓரத்திலிருந்து யாரோ தூக்கி அடித்த பந்து அவனை நோக்கி வந்தது. அவன் இடது காலை ஊன்றித் திரும்பினான். முட்டி மடிந்தது. அவன் குப்புறச் சாய, காலுக்கு வந்த பந்து அவன் பிடரியில் பட்டு, “யாரு அது, யாரு அது” என்று கேட்டுக்கொண்டிருந்த கோல்கீப்பரைத் தாண்டி மெதுவாக உள்ளே போனது. ரெஃப்ரி வந்து வலைக்குள் பந்து கிடப்பதைப் பார்த்து, விசில் ஊதிவிட்டு, பந்தோடு பனிக்குள் திரும்பிப் போனார்.

நான் அவனிடம் ஓடினேன்.

“போயிருச்சுடா,” என்றான்.

“போயிருச்சு! கோலு! அருமையா போயிருச்சு!”

“பந்த யாருடா கேட்டா? முட்டி போயிருச்சு.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “யாராச்சும் பாத்தாங்களா?”

“என்னையத் தவிர யாருமில்ல.”

“அப்ப தூக்கி நிறுத்து.”

கோல் போஸ்ட்டில் சாய்த்து நிறுத்தினேன். மீதி ஆட்டம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த ஒரு கோலில் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் மில்காரர் தேடி வந்தார். “நீதான கிட்ட நின்ன? எப்படிப் போட்டான்? முட்டி தாங்குச்சா?”

அதுவரை என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அழகாகப் பேசியதில்லை. இடது காலில் பம்பரமாகச் சுற்றினான் என்றேன். வலது காலால் தரையோடு தரையாக அடித்தான், கீப்பர் பாய்ந்தும் எட்டவில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. என் தோளில் கை போட்டு நின்ற கருப்பையா குறுக்கிட்டான்.

“சார், இவன் சொல்றது அம்புட்டும் பொய். முட்டி விட்டுருச்சு. விழுந்தேன். பந்து எம் பொடனியில பட்டு உள்ள போச்சு.”

மில்காரர் அவன் பக்கம் திரும்பினார். “நான்தான் நம்பிட்டேனேப்பா. நீ பேசாம இருந்திருக்கலாமுல்ல?”

“வேலைக்குச் சேந்தா ஆடச் சொல்லுவீங்களே சார். திண்டுக்கல்லுல பனி கெடையாதே.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவன் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் உருவம் மறைகிற வரை கருப்பையாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். “எங்க அம்மாகிட்ட என்னடா சொல்லுவேன்?” என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

கீழே இறங்கிய பஸ்ஸில் அவன் பந்துப் பையின் மேல் காலை நீட்டியிருந்தான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “கருப்பையா, உன் முட்டி தேறக்கூடாதுன்னு நான் நெனச்சேன்டா,” என்றேன்.

“தெரியும்.”

“எப்பயிருந்து?”

“எங்க வீட்டுல தேத்தண்ணி குடிச்சியே, அன்னைக்கே. அதுக்காகத்தான் உன்னைய விடாமக் கூட்டிட்டுப் போனேன். மத்தவனெல்லாம் ‘தேறிருச்சு, தேறிருச்சு’ன்னு சொல்லிட்டுப் போயிருவான். உன் மூஞ்சிதான்டா பொய் சொல்லாது. அது தொங்கிக் கெடந்தா நான் தேறுறேன்னு அர்த்தம். மலர்ந்து கெடந்தா அன்னைக்கு இன்னும் அம்பது தடவை செங்கல் தூக்குவேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “போன வாரமெல்லாம் ரொம்பத் தொங்கிக் கெடந்துச்சு. நம்பிட்டேன்.”

பிறகு அவன் வடகவுஞ்சியில் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பூண்டு போட்டான். எண்பதுகளில் மலைக்கிராமங்கள் தங்களுக்குள் பந்தாட்டப் போட்டி வைக்க ஆரம்பித்தபோது விசிலை எடுத்தான். தூரத்தில் நடந்த தப்பு தெரியாவிட்டால் அந்த ஆட்டக்காரனையே கூப்பிடுவான். “ஏலே, எனக்குத் தெரியல. நீயே சொல்லு, கை பட்டுச்சா?” பெரும்பாலும் உண்மையைத்தான் சொன்னார்கள். பாச்சலூர் கேப்டன் ஒருவன், “ரெஃப்ரின்னா ஓடிப் பாக்கணும்” என்று சண்டைக்கு வந்தான். “நான் ஓடிப் பாத்தாச்சு தம்பி. நீ ஓடு,” என்றான் கருப்பையா. நான் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதப் போனேன். “நேத்து மேட்ச பாத்துட்டு எழுதுனியா, கேட்டுட்டு எழுதுனியா?” என்று விடிகாலையில் போன் வரும்.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது செல்வி, “அப்பா ஞாபகமா அந்த விசில எடுத்துக்கிறீங்களா மாமா?” என்று கேட்டாள். ஊர்ப் பிள்ளைகள் வைத்துக்கொள்ளட்டும் என்றேன். எனக்குரியதை அவன் அந்தப் பஸ்ஸிலேயே கொடுத்துவிட்டான். நல்லவன் என்று நம்பி என்னோடு பழகியவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் யார் என்று தெரிந்தே பழகியவன் அவன் ஒருவன். அவன் முன்னால் மட்டும் நான் முகத்தை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததில்லை. வைத்திருந்தாலும் விட்டிருக்க மாட்டான். அந்த நிம்மதிதான் அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.