கல்கண்டு கரையுற வரைக்கும்

பெஞ்செல்லாம் போர்டைப் பார்த்து வரிசையா கிடந்தது. அதைத்தான் முதல்ல பார்த்தேன்.

சனிக்கிழமைன்னா அதெல்லாம் வட்டமா இருக்கணும். யாரோ தெரியாம மாத்திப் போட்டுட்டாங்கன்னு நினைச்சேன்... நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பங்கஜம் டீச்சர் முந்தானையால முகத்தைத் துடைச்சிக்கிட்டே சொன்னாங்க. "கடலூர் டீச்சர் போயிட்டாங்கடி. விஷக்காய்ச்சல். ஆஸ்பத்திரியிலேயே..."

நம்ம கையெழுத்துப் பத்திரிகைக்கு இந்த மாசம் கோலம் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருந்தேன். கை வரலை. இதை மட்டும் எழுதித் தர்றேன், படிச்சிட்டு அடுத்த வீட்டுக்குக் குடுத்துடுங்க.

கடலூர் டீச்சரைத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கடலூர்ல டிரெயினிங் ஸ்கூல்ல வேலை. சனிக்கிழமை ரயிலேறி சிதம்பரம் வருவாங்க. கதையையும் பாட்டையும் அர்த்தம் சொல்லி ஒப்பிக்க வைக்காம, புள்ளைங்களைப் பேச விட்டு எப்படி நடத்துறதுன்னு நம்ம ஊர் டீச்சருங்களுக்குச் சொல்லிக் குடுக்க.

டீச்சருங்க பழகிப் பாக்கப் புள்ளைங்க வேணுமில்லையா? பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுபோன எங்களைப் புடிச்சி உக்கார வச்சாங்க.

வயசுக்கு வந்ததும் என்னை நிறுத்திட்டாங்க. அப்புறம் கோயிலைத் தவிர எங்கேயும் போனதில்ல. கடலூர் டீச்சர்தான் வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட கேட்டாங்க. "உங்க பொண்ணு படிக்க வர வேணாங்க. எங்க டீச்சருங்க படிக்கிறாங்க, ஒத்தாசைக்கு அனுப்புங்க."

அப்பாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. "சரிம்மா. நீங்க வர்ற வரைக்கும் அனுப்பறேன்"னார்.

நீங்க வர்ற வரைக்கும்...

அவுங்க பையில எப்பவும் ஒரு கல்கண்டு டப்பா இருக்கும். டீச்சருங்ககிட்ட சொல்லுவாங்க, "கேள்வி கேட்டதும் ஒண்ணை வாயில போட்டுக்குங்க. அது கரையுற வரைக்கும் நீங்களா பதில் சொல்லக் கூடாது." டீச்சருங்களுக்கு அதுதான் பெரிய கஷ்டம். நாங்க பேசாம உக்காந்திருந்தா பயந்துபோய் எல்லாத்தையும் அவுங்களே சொல்லிடுவாங்க.

பங்கஜம் டீச்சர் ஒரு தடவை கடக்குன்னு கடிச்சி முழுங்கிட்டு முழு விளக்கத்தையும் கொட்டிட்டாங்க.

"ஏன் பங்கஜம், அந்தக் கல்கண்டு உங்களை என்ன பண்ணுச்சு?"

"பல்லு அவசரப்பட்டுடுச்சுங்க."

"ரேஷன் காலத்துல இப்படிக் கடிச்சித் தள்ளினா நான் எங்க போவேன்?" சொல்லிட்டு கடலூர் டீச்சரும் தன் வாயில இருந்ததைக் கடிச்சிட்டாங்க. அன்னைக்குச் சிரிச்ச மாதிரி நான் வீட்ல சிரிச்சதே இல்ல.

அப்புறம் ஒரு நாள் பாடப் புத்தகத்துல ஒரு கதை. ஒரு பொண்ணு தண்ணிக்குப் போறா. சாயங்காலம் காலிக் குடத்தோட வர்றா. "குடம் ஏன் காலியா வந்துச்சு?"ன்னு கேட்டுட்டு பங்கஜம் டீச்சர் கல்கண்டைப் போட்டுக்கிட்டாங்க.

"கெணறு வத்தியிருக்கும்." "தடுக்கி விழுந்திருப்பா, தண்ணி கொட்டியிருக்கும்." ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நாலு பேர் முன்னாடி நான் வாயைத் திறந்ததே கிடையாது. பங்கஜம் டீச்சர் கன்னத்துல புடைச்சிருந்த கல்கண்டு சின்னதாகிக்கிட்டே வந்தது...

"அவ தண்ணியே எடுக்கலை. கொஞ்ச நேரம் வெளியில இருந்துட்டு வந்தா." என் குரல்தான்.

வட்டத்துக்கு வெளியில இருந்து கடலூர் டீச்சர் கேட்டாங்க. "புத்தகத்துல எங்க இருக்குது, காட்டு."

காட்டினேன். அவ சேலை காஞ்சிருந்ததுன்னு ஒரு வரி இருக்கு. கொட்டியிருந்தா நனைஞ்சிருக்குமே. கெணறு வத்தியிருந்தா சாயங்காலம் வரைக்கும் இருக்காம உடனே திரும்பியிருப்பாளே.

அவுங்க அந்த வரியைத் திரும்பப் படிச்சாங்க. "எனக்கு இது தோணலை பங்கஜம்"னு மட்டும் சொன்னாங்க.

போன சனிக்கிழமை கடைசிக் கேள்வி அவுங்க கேட்டது. "அம்மாக்காரி காலிக் குடத்தைப் பாக்குறா. ஒண்ணும் கேக்கலை. ஏன்?" பதில் வர்றதுக்குள்ள ரயிலுக்கு நேரமாயிடுச்சு. "யோசிச்சி வைங்கடி"ன்னு சொல்லிக்கிட்டே ஓடினாங்க. டப்பாவை மேசையிலேயே விட்டுட்டுப் போயிட்டாங்க.

வாரம் பூரா யோசிச்சேன். சாதம் வடிக்கும்போதுகூட.

இன்னைக்குப் பங்கஜம் டீச்சர் சொன்னாங்க. "ஹெட்மாஸ்டர் பெஞ்சை நேராப் போடச் சொல்லிட்டாரு. இனிமே இந்த கிளாஸ் நடக்காதாம். நீங்கல்லாம் வீட்டுக்குப் போங்க கண்ணுங்களா."

மத்தவங்க எழுந்துட்டாங்க. நான் மட்டும் எழுந்திருக்கலை. இப்ப வீட்டுக்குப் போனா அவ்வளவுதான். அப்பா சொன்ன சொல்லு முடிஞ்சுபோச்சு. அடுத்தது யாராவது பொண்ணு பாக்க வருவாங்க, நான் தலையைக் குனிஞ்சி காப்பி குடுப்பேன்... யாரும் என்னை எந்தக் கேள்வியும் கேக்க மாட்டாங்க.

கடலூர் டீச்சர், உங்க முகத்தைக்கூடக் கடைசியா பாக்கலை. போயிட்டு வாங்க.

மேசையில அந்த டப்பா அப்படியே இருந்தது. போய்த் திறந்தேன்.

"அம்மாக்காரி ஏன் ஒண்ணும் கேக்கலை டீச்சர்?"னு பங்கஜம் டீச்சரைக் கேட்டேன். ஒரு கல்கண்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டேன்.