எல்லாம் ஒரே கட்டமாக வந்த தாள்

கொரோனா ஓய்ந்தபின் வந்த ஒரு கோடையில், உத்திரமேரூரில் நடந்தது இது. என் மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்த காலம். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து அதே சிகிச்சைக்குக் காஞ்சிபுரம் போகிறவர்கள் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டோம். வெளியே வெயில், வயல், ஏரிக்கரைப் பனைகள். உள்ளே ஒரே பேச்சு: எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது.

ஆளுக்கொரு பத்தியம். டாக்டர் சொன்னது வீடு வந்து சேர்வதற்குள் மறந்துபோகும். எனக்குக் கொஞ்சம் புரோகிராம் எழுத வரும். சும்மா இருக்க வராது. ஒவ்வொருவருக்கும் டாக்டர் சொன்ன உணவுப் பட்டியலைக் கொடுத்தால், அதை வேர்டு கோப்பில் வரிசையாக அடுக்கி, சாப்பிடலாம் என்றால் டிக், கூடாது என்றால் பெருக்கல் குறி போட்டுத் தரும்படி எழுதினேன். வீட்டுக் கணினியில் பார்க்கக் கண் நிறைந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பிரிண்ட் போட்டு, வேன் திரும்பி வந்து நின்றபோது மடித்த தாள்களை எல்லார் கையிலும் திணித்தேன்.

மறுநாள் வெயில் ஏறிய நேரம். மானாம்பதியிலிருந்து பஸ் பிடித்து ஒரு பெண் வந்து நின்றார். வேனில் தன் கணவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருபவர். போன் செய்தும் நான் எடுக்கவில்லையாம். தாளை நீட்டினார்.

"தப்பா நெனச்சிக்காதணா. எல்லாத்துக்கும் ஒரே கட்டமா போட்டுகீது. வூட்ல மாமியா எளநி வெட்டி வச்சிக்கினு நிக்குது. குடுக்கலாமா, வாணாமா?"

பார்த்தேன். நான் போட்ட குறிகளுக்கான எழுத்துரு அந்தக் கடைக் கணினியில் இல்லை; அதனால் டிக்கும் பெருக்கலும் வெறும் கட்டமாகவே அச்சாகியிருந்தன. இட்லிக்கும் கட்டம், இளநீருக்கும் கட்டம். யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் இளநீரோடு போய் நிற்பதுதான் நம் பக்கத்து அன்பு. சிறுநீரகம் ஓய்ந்தவர்களுக்கோ அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். கொடுக்கவே கூடாது என்றேன்; இதே தாள்தான் எல்லா வீட்டிலும் இருக்கிறது என்றும் சொன்னேன்.

அவர் என் போனை வாங்கி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, தாளை நம்ப வேண்டாம், இளநீர் கூடாது என்று சொன்னார். வேனில் வருபவர்களில், தனியாக இருக்கும் ஒரு பெரியவர் மட்டும் எடுக்கவில்லை. பைக்கில் பறந்தோம். கட்டம் என்றால் சாப்பிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொல்லியிருக்கிறார். கட்டிலில் சாய்ந்தபடி இளநீர்ச் சொம்பை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார் பெரியவர். என்னோடு வந்த அந்தப் பெண் ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டார்.

"இன்னாம்மா, வந்ததும் வராததுமா புடுங்குற?"

"வேன்ல ஜன்னல் சீட்டுக்கு என்னாண்ட சண்ட போட நீ வேணும் நைனா," என்ற அந்தப் பெண், சொம்பிலிருந்த இளநீர் அத்தனையையும் பெரியவர் எதிரிலேயே தானே குடித்து முடித்தார்.

பெரியவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பேனாவை எடுத்து, அவருடைய தாளில் இளநீருக்கு நேரே 'வேண்டாம்' என்று எழுதினேன்.

அன்று மாலையே புரோகிராமிலிருந்து குறிகளை எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு வரியிலும் 'சாப்பிடலாம்', 'வேண்டாம்' என்று சொல்லாகவே வருகிறது. எந்தத் தாளும் அந்தப் பெண் பார்க்காமல் வேனுக்குள் போவதில்லை. தெரியாததைத் தானாக ஊகித்துக்கொள்ளாமல், கேட்டுவிடலாம் என்று அத்தனை வெயிலில் பஸ் ஏறி வந்தாரே. வேன் நிறைந்து கிளம்பும் ஒவ்வொரு காலையும் அவரை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.