சிவப்புப் பொட்டு வைத்த பந்து

தேவகோட்டை மைதானத்தை விட்டுக் காரைக்குடிச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோள் வலித்தது. அந்த வாரம் முழுதும் ஒரு பேஸ்பால்காரிக்குக் கூலிக்குப் பந்து எறிந்த வலி.

ஒல்லியான பெண். தொப்பிக்குள் சுருட்டிய கொண்டை. முன்பு பந்து பட்டதில் இடது கண் மங்கல். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்குமா என்பது மறுநாள் மதுரையில் நடக்கும் ஆட்டத் தேர்வில்தான் தெரியும். கண்ணைப் பழக்குவதற்காக, பந்துக்கு ஒன்றாகச் சிவப்போ நீலமோ பொட்டு வைத்திருந்தாள். பந்து என் கையை விட்டதுமே நிறத்தைக் கத்துவாள். சிவப்பென்றால் அடிப்பாள், நீலமென்றால் விட்டுவிடுவாள்.

அன்றுதான் கடைசி மாலை. "சிவப்பு!" என்று கத்தி ஓங்கி அடித்தாள். பந்து வேலியைத் தாண்டியது. எடுத்து வந்தேன்.

"என்னண்ணே, பந்தையே பாக்குறீக?"

"நீலம், தங்கச்சி."

அடுத்த நீலத்துக்கும் சிவப்பென்றாள்.

"விடுங்கண்ணே. நாளைக்கு எவ பொட்டு வச்சுப் போடப்போறா?" என்று சிரித்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒன்னு போடுங்க" என்றாள்.

இருட்டும்வரை போட்டேன். ஒன்றைக்கூட அவள் நீலம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை, அவள் மதுரை பஸ்ஸில் இருந்திருக்கும் நேரத்தில், கோட்டையூரில் லாரியிலிருந்து செங்கல் இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மேலே நின்றவன் வீசிய ஒவ்வொரு கல்லுக்கும் என் வாய் தானாகச் "சிவப்பு" என்றது.